மைக்ரோஸ்கோப் ஓட்டும் மென்பொருளில் கேமரா டிரிகர் மோடுகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நேராக இங்கே வந்து படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தாமிரபரணியிலும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் எடுத்த தண்ணீரில் நீந்துகிற ஒற்றைச்செல் உயிரிகளை ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் படமெடுக்கிறார்கள். நீல எல்இடி ஒன்று, பச்சை எல்இடி ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றி எரியவிட ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, வேறொரு இடத்திலிருந்து கைமாறி வந்த எஸ்சிமாஸ் (sCMOS, ஆராய்ச்சிக்கான ஒரு சென்சார் வகை) கேமரா, இவ்வளவையும் ஓட்டச் சொந்தமாகப் பைத்தானில் எழுதிய மென்பொருள். அந்த மென்பொருளுக்குக் கேமராவிடம் சொல்லத் தெரிந்தது இரண்டே வேலை: ஒரு படம் எடு, தொடர்ந்து எடு. கேமராவின் டிரைவரில் இன்டர்னல், சாஃப்ட்வேர், எக்ஸ்டர்னல் என்று மூன்று டிரிகர் மோடுகள் (படமெடுப்பு எப்படித் தொடங்க வேண்டும் என்ற அமைப்புகள்) இருப்பதைப் பார்த்து, அதை அப்படியே திரையில் ஒரு டிராப்டவுனாக வைத்துவிட்டார். இன்டர்னலில் படம் வருகிறது, ஆனால் மேல்பாதி நீல வெளிச்சத்திலும் கீழ்ப்பாதி பச்சை வெளிச்சத்திலும் எடுத்ததுபோல் வருகிறது. எக்ஸ்டர்னலுக்கு மாற்றினால் 'ஒரு படம் எடு' பட்டனை அமுக்கியதும் மென்பொருள் மொத்தமாக உறைந்துபோகிறது. "டிராப்டவுனில் எதை விட்டுவிட்டேன் அண்ணாச்சி?" என்கிறார். எல்லா மோடையும் முறையாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்றும், மைக்ரோ-மேனேஜர் என்ற மைக்ரோஸ்கோப் மென்பொருளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

டிராப்டவுனில் எதையும் விடவில்லை தம்பி. நீங்கள் கேட்பதன் உள்ளே இருக்கிற கேள்வி இதுதான்: டிரிகர் மோடு என்பது கெயின் (சிக்னல் பெருக்கம்), பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களைச் சேர்ப்பது) மாதிரி கேமராவுக்குள்ளேயே முடிந்துபோகிற ஒரு செட்டிங்கா, இல்லை மென்பொருளின் மற்ற பகுதிகளும் அதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டுமா? எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம், ஆய்வகங்களுக்கு மைக்ரோஸ்கோப் ஓட்டும் மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் பல வருடமாகப் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மற்ற பகுதிகளும் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். கெயினை மாற்றினால் படத்தின் வெளிச்சம் மாறும், அதோடு சரி. டிரிகரை மாற்றினால் நேரம் யார் கையில் இருக்கிறது என்பதே மாறிவிடுகிறது. கேமரா தன் கடிகாரத்தில் தானாக ஓடுகிறதா, கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல எடுக்கிறதா, இரண்டும் இல்லாமல் ஆர்டுயினோ ஒயரில் அனுப்பும் பல்ஸ் என்ற குறுகிய மின்சைகைக்காகக் காத்துக்கிடக்கிறதா என்பதைப் பொறுத்து 'ஒரு படம் எடு' என்ற கட்டளையின் பொருளே வேறாகிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது, எத்தனை பிரேம் வரும், எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி வாங்கும் நேரம்) என்று திரையில் காட்டும் எண் உண்மையா பொய்யா, எல்லாமே அதோடு சேர்ந்து மாறுகிறது.

சரி, அந்த மூன்று மோடுகளுக்கு வருவோம். ஒரே பட்டியலில் மூன்றையும் போடும்போது, தனித்தனியாக நிற்க வேண்டிய கேள்விகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. தொழிற்சாலைக் கேமரா உலகத்தில் ஜென்ஐகேம் என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது, ஐரோப்பிய மெஷின் விஷன் சங்கமான இஎம்விஏ நடத்துவது. அதில் இதைப் பிரித்து வைத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். டிரிகர் எதைத் தொடங்குகிறது என்பது ஒரு கேள்வி: ஒவ்வொரு பிரேமையுமா, அல்லது மொத்தப் படப்பிடிப்பையும் ஒரே தடவையா? அதற்கு டிரிகர்செலக்டர். டிரிகர் எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று, அது டிரிகர்சோர்ஸ்: ஒயர் வழியாகவா, மென்பொருள் கட்டளையாகவா? பல்ஸின் ஏறும் விளிம்பா இறங்கும் விளிம்பா என்பதற்கு டிரிகர்ஆக்டிவேஷன். இவற்றிலிருந்து தள்ளி, எக்ஸ்போஷர் எப்போது முடியும் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி எக்ஸ்போஷர்மோடில் இருக்கிறது. நேரம் வைத்தும் முடிக்கலாம், பல்ஸ் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறதோ அவ்வளவு என்றும் வைக்கலாம். உங்கள் டிராப்டவுனில் இருப்பது சோர்ஸ் மட்டும். மீதியெல்லாம் டிரைவர் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு மதிப்பில் வைத்திருக்கிறது, அது என்னவென்று உங்கள் மென்பொருளுக்குத் தெரியாது.

ஆராய்ச்சிக் கேமராக்களில் எல்லாம் இந்தத் தரத்தில் வருவதில்லை. ஹமாமட்சுவின் டிகேம் டிரைவரில் சோர்ஸ் தனி, ஆக்டிவ் என்பது தனி, போலாரிட்டி தனி. ஃபோட்டோமெட்ரிக்ஸின் பிவிகேம் பழைய பதிப்புகளில் டைம்டு, ஸ்ட்ரோப்டு, பல்ப் என்று எல்லாம் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். ஸ்ட்ரோப்டு என்பது மற்றவர்கள் எட்ஜ் என்கிற அதே சங்கதிதான், எட்ஜ், லெவல் என்பவை என்னவென்று கீழே சொல்கிறேன். ஆகவே உங்கள் மென்பொருளின் உள்ளே ஜென்ஐகேம் பாணியில் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேமராவின் பெயர்களையும் அதற்குப் பொருத்திக்கொள்வது நல்லது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கேள்விகளின் விடைகளை எப்படி வேண்டுமானாலும் கோத்துவிட முடியாது. ஒரு கேமரா லெவல் மோடை ஒயருக்கு மட்டும் தரும், மென்பொருள் டிரிகருக்குத் தராது. இன்னொன்றில் ரீட்அவுட் (சென்சாரிலிருந்து படத்தைப் படித்தெடுப்பது) வேகத்தை மாற்றினால் சில சேர்க்கைகள் காணாமல் போகும். அதனால் 'உன்னிடம் என்னென்ன சோர்ஸ் இருக்கிறது' என்று மட்டும் கேட்காமல், 'இந்தச் செலக்டர், இந்தச் சோர்ஸ், இந்த ஆக்டிவேஷன், மூன்றும் சேர்ந்தால் முடியுமா' என்று மொத்தமாகக் கேட்கிற ஃபங்ஷன் ஒன்றைக் கேமரா கிளாஸில் வைத்துவிடுங்கள்.

எக்ஸ்டர்னல் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு வகை உண்டு, குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். எட்ஜ் என்றால் பல்ஸின் விளிம்பைப் பார்த்ததும் தொடங்கி, நீங்கள் கொடுத்த எக்ஸ்போஷர் நேரம் முடிந்ததும் நிறுத்திவிடும். லெவல் என்றால் பல்ஸின் அகலமே எக்ஸ்போஷர், திரையில் 30 மில்லிசெகண்ட் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதை அது கண்டுகொள்ளாது. ஆனால் உங்கள் மென்பொருள் படத்தோடு சேர்த்துச் சேமிக்கிற தகவலில் அந்த 30-ஐயே எழுதிவைக்கும், ஆறு மாதம் கழித்து அந்தப் படத்தை அளக்கிறவர் அதை நம்பிக் கணக்குப் போடுவார். ஸ்டார்ட் டிரிகர் என்றால் முதல் பல்ஸ் மட்டும்தான் வெளியிலிருந்து, அப்புறம் கேமரா தன் கடிகாரத்தில் ஓடும். நான்காவது சிங்க்ரனஸ் ரீட்அவுட். ஒரு பல்ஸ் வந்தால் நடந்துகொண்டிருக்கிற எக்ஸ்போஷரை முடித்து ரீட்அவுட் ஆரம்பிக்கும், அதே நொடியில் அடுத்த எக்ஸ்போஷரும் தொடங்கும். இதில் எக்ஸ்போஷர் என்பது இரண்டு பல்ஸ்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி, 100 பிரேம் வேண்டுமானால் 101 பல்ஸ் அனுப்ப வேண்டும். அந்தக் கடைசி ஒன்றை அனுப்பாமல், கடைசிப் படம் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறைய.

இப்போது மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி பச்சை சங்கதி. இது டிரிகர் கோளாறு மாதிரித் தெரிந்தாலும் அடிப்படையில் ரோலிங் ஷட்டரின் வேலை. எஸ்சிமாஸ் சென்சார்களில் பெரும்பாலானவை எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. முதல் வரிசை திறந்து, கொஞ்சம் தள்ளி இரண்டாவது, அப்படியே ஒவ்வொன்றாகப் போகும். 2048 வரிசை உள்ள சென்சார் நொடிக்கு 100 முழுப் பிரேம் தருகிறது என்றால், முதலில் திறக்கும் வரிசைக்கும் கடைசியில் திறக்கும் வரிசைக்கும் நடுவே ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருக்கும். எக்ஸ்போஷரும் 10 மில்லிசெகண்ட்தான் என்று வைத்தால், எல்லா வரிசையும் சேர்ந்து திறந்திருக்கிற கணம் என்று ஒன்றே கிடையாது. ஆர்டுயினோ தன் பாட்டுக்கு, தன் கடிகாரத்தில் எல்இடியை மாற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த மாற்றம் ஏதோ ஒரு வரிசைக் கூட்டத்தின் நடுவே விழுந்து படத்தைப் பிளக்கிறது. கோடு ஒரே இடத்தில் நிற்காமல் பிரேமுக்குப் பிரேம் மெதுவாக ஊர்கிறதா என்று பாருங்கள். ஊர்ந்தால் இரண்டு கடிகாரங்களும் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன என்பது உறுதி. சில மாடல்களில் ரீட்அவுட் நடுவிலிருந்து மேலும் கீழுமாகப் போகும், அவற்றில் நடுவே ஒரு பட்டையாகவும் மேலும் கீழும் வேறாகவும் வரும். உங்களுடையதில் மேல், கீழ் என்று பிரிவதால் அது ஒரே திசையில் படிக்கிறது.

இதற்கு மருந்து, எல்லா வரிசையும் திறந்திருக்கும் இடைவெளியில் மட்டும் எல்இடியை எரியவிடுவது. எக்ஸ்போஷர் 30, ரீட்அவுட் 10 என்றால் அந்த இடைவெளி 20 மில்லிசெகண்ட். மீதி நேரம் விளக்கு அணைந்திருந்தால் எந்த வரிசைக்கும் கூடக்குறைய வெளிச்சம் போகாது, ரோலிங் ஷட்டர் கேமராவே, எல்லா வரிசையையும் ஒன்றாகத் திறக்கும் குளோபல் ஷட்டர் மாதிரி நடந்துகொள்ளும். அறை இருட்டாக இருக்க வேண்டும், அது முக்கியம். பெரும்பாலான ஆராய்ச்சிக் கேமராக்களில் இந்த இடைவெளியை அதுவே ஒயரில் சொல்லும், 'எல்லா வரிசையும்' அல்லது 'குளோபல் எக்ஸ்போஷர்' என்ற பெயரில் ஒரு அவுட்புட் இருக்கும். 'முதல் வரிசை', 'ஏதாவது ஒரு வரிசை' என்றும் அதே அவுட்புட்டை மாற்ற முடியும், ஆகவே எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொன்னால் உங்களுக்குப் பாதி வேலை குறையும். நீங்கள் விவரித்திருக்கிற சோதனைக்கு எக்ஸ்டர்னல் டிரிகரே தேவையில்லை என்று நினைக்கிறேன். கேமரா ஒன்று, எல்இடி இரண்டு, நகர்கிற ஸ்டேஜ் (மாதிரியை வைக்கும் மேடை) எதுவும் இல்லை. கேமராவை இன்டர்னலிலேயே ஓடவிட்டு, அதன் எக்ஸ்போஷர் அவுட்புட்டை ஆர்டுயினோவின் 2-ஆம் பின்னில் கொண்டுவந்து சொருகுங்கள். யூனோவில் வெளி இன்டரப்ட் (சிக்னல் மாறியதும் நிரலை உடனே கூப்பிடுவது) வாங்கும் பின்கள் 2-உம் 3-உம். சிக்னல் ஏறும்போது நீலத்தைப் போடு, இறங்கும்போது அணை, அடுத்த ஏற்றத்தில் பச்சை, இவ்வளவுதான் நிரல். வேகத்திலும் லாபம். இன்டர்னலில் பல எஸ்சிமாஸ் கேமராக்கள் ஒரு பிரேமின் ரீட்அவுட்டையும் அடுத்ததன் எக்ஸ்போஷரையும் ஒன்றின்மேல் ஒன்றாக நடத்தும், அதனால் 30 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷருக்கு நொடிக்கு 33 பிரேம் கிடைக்கும். சாதாரண எட்ஜ் டிரிகரில் எக்ஸ்போஷரும் ரீட்அவுட்டும் ஒன்று முடிந்து ஒன்று என்று போனால் 40 மில்லிசெகண்டுக்கு ஒரு பிரேம், நொடிக்கு 25தான். பார்க்கிறவர்கள் எக்ஸ்டர்னல் என்றால் ஏதோ உயர்ந்த மோடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கேமராக்களைச் சேர்த்து ஓட்டும்போது, ஸ்கேன் செய்கிற கண்ணாடியோடு சேர்க்கும்போது, பியசோ ஸ்டேஜ் நகர்ந்து அடங்கும்வரை காத்திருக்கும்போது, மாதிரிக்கு மின்தூண்டல் கொடுத்து அதிலிருந்து நேரம் எண்ணும்போது, அப்போது கேமரா பிறர் சொல் கேட்டு நடக்கத்தான் வேண்டும். மற்ற நேரங்களில் கேமராவையே நேரம் பிடிக்க விடுங்கள்.

ஆனாலும் மென்பொருளில் எல்லா மோடையும் முறையாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்று கேட்டீர்கள், அது நியாயமான ஆசை. அதற்கு இப்போதிருக்கிற இரண்டு ஃபங்ஷன்கள் போதாது. 'ஒரு படம் எடு' என்பது உண்மையில் மூன்று வேலைகளை ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறது: கேமராவைத் தயார்படுத்துவது, தொடங்கச் சொல்வது, படம் வரும்வரை நிற்பது. இன்டர்னலில் இந்த மூன்றும் அடுத்தடுத்து நடப்பதால் பிரிக்கத் தேவை வரவில்லை. எக்ஸ்டர்னலில் நடுவில் இருக்கிற வேலை உங்கள் கையில் இல்லை. எனவே பிரியுங்கள். இத்தனை பிரேமுக்குத் தயாராகு என்று ஒரு ஃபங்ஷன், அதை ஆர்ம் என்பார்கள். மென்பொருள் டிரிகர் அனுப்ப ஒன்று. படம் வந்ததா என்று கேட்டு எடுத்துக்கொள்ள ஒன்று. எந்த நேரத்திலும் நிறுத்த ஒன்று. பழைய 'ஒரு படம் எடு' இருக்கட்டும், அதை இந்தப் புதியவற்றின் மேல் எழுதிவிடலாம்.

ஆர்ம் ஏன் தனியாக வேண்டும் என்றால், வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் இன்னும் டீக்கடையில் நிற்கும்போது கண்டக்டர் எவ்வளவு விசில் ஊதினாலும் பாபநாசம் வண்டி நகராது, ஊதின விசிலும் அவர் வந்து உட்கார்ந்த பிறகு கணக்கில் சேராது. தயாராகாத கேமராவுக்குப் போகும் பல்ஸும் அப்படியே காற்றில் போகும், ஒரு பிழைச் செய்தியும் வராது. இதில் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. சில டிரைவர்களில் தொடங்கச் சொல்லும் ஃபங்ஷன் திரும்பி வந்துவிடும், சென்சார் இன்னும் தயாராகியிருக்காது. நீங்கள் உடனே ஆர்டுயினோவுக்குப் 'போ' என்று சொன்னால் முதல் பல்ஸ் மட்டும் தொலையும், அதுவும் சில நாள் தொலையும், சில நாள் தொலையாது. கேமராவில் 'டிரிகருக்குத் தயார்' என்று ஒரு அவுட்புட் சிக்னல் இருந்தால் அதை ஆர்டுயினோவுக்குக் கொடுத்து, அது மேலே ஏறிய பிறகே பல்ஸ் தொடங்கும்படி வையுங்கள். அந்த அவுட்புட் இல்லாத கேமராவில் கொஞ்ச நேரம் சும்மா காத்திருப்பதைத் தவிர வழியில்லை, அதை அழகான தீர்வு என்று சொல்லமாட்டேன்.

உங்கள் மென்பொருள் உறைந்துபோவதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. பட்டனை அமுக்கியதும் திரையை நடத்துகிற அதே திரெட்டில் (நிரல் ஓடும் இழையில்) டிரைவரிடம் போய்ப் படம் வரும்வரை நிற்கிறீர்கள். இன்டர்னலில் 40 மில்லிசெகண்டில் வந்துவிடும், யாருக்கும் தெரியாது. எக்ஸ்டர்னலில் ஆர்டுயினோ பல்ஸ் அனுப்பவே இல்லை என்றால் நாள் முழுக்க நிற்கும். காத்திருப்பதைத் தனித் திரெட்டுக்கு மாற்றுங்கள். பைத்தானில் சி மொழி நூலகங்களைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் (ctypes) வழியாக டிரைவரைக் கூப்பிடுகிறீர்கள் என்றால், வழக்கமான சிடிஎல்எல் (CDLL) முறையில் அந்த அழைப்பு நடக்கும்போது மற்றத் திரெட்கள் ஓடத் தடையில்லை. அப்புறம் டைம்அவுட். இன்டர்னலிலும் மென்பொருள் டிரிகரிலும் எக்ஸ்போஷரையும் ரீட்அவுட்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்து வைத்தால் போதும். எக்ஸ்டர்னலில் இப்படி ஒரு எண்ணை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, அடுத்த பல்ஸ் அரை மணி நேரம் கழித்து வருவதாகக்கூடச் சோதனை அமைந்திருக்கலாம். பயனரிடம்தான் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் டைம்அவுட் வைக்காதீர்கள். ஆனால் நிறுத்து பட்டன் எந்த நிலையிலும் வேலை செய்ய வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எக்ஸ்டர்னலில் இருக்கும்போது ஒருவர் தெரியாமல் 'ஒரு படம் எடு' பட்டனை அமுக்கினால் என்ன செய்வது? இதில் ஆளுக்கொரு கட்சி. சத்தமில்லாமல் இன்டர்னலுக்கு மாறி எடுத்துவிட்டுத் திரும்ப எக்ஸ்டர்னலுக்கு வைப்போம் என்பார்கள் சிலர். எனக்கு அது பிடிக்காது, விளக்கு ஒயரில் இணைந்திருக்கும்போது அப்படி எடுத்தால் கறுப்புப் படம்தான் வரும், கேமரா கெட்டுப்போச்சு என்று ஆள் தேடுவார்கள். 'எக்ஸ்டர்னல் டிரிகருக்காகக் காத்திருக்கிறது' என்று திரையில் தெளிவாக எழுதிவிட்டு, பக்கத்திலேயே நிறுத்து பட்டனை வைப்பதுதான் என் வழக்கம். நேரலைக் காட்சி மட்டும் விதிவிலக்கு. ஃபோகஸ் பார்க்கவே அது இருக்கிறது, அங்கே இன்டர்னலுக்கு மாற்றி விளக்கையும் தொடர்ந்து எரியவிடலாம், வெளியே வரும்போது பழைய நிலையை அப்படியே திருப்பி வைக்க மறந்துவிடக் கூடாது.

மென்பொருள் டிரிகரைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது மிகவும் பயன்படுகிறது. மோட்டார் ஸ்டேஜை நகர்த்து, நிற்கட்டும், எடு, மறுபடி நகர்த்து என்று போகும் வேலைகளில் கேமராவை ஒரே தடவை ஆர்ம் செய்துவிட்டு ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டளை மட்டும் அனுப்பினால் போதும், ஒவ்வொரு படத்துக்கும் தொடங்கி நிறுத்துகிற நேரம் மிச்சம். ஆனால் துல்லியமான நேரத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். விண்டோஸில் 3.11-க்கு முந்தைய பைத்தானில் ஸ்லீப் கொடுத்துக் காத்திருந்தால், வழக்கமான அமைப்பில் கடிகாரத் தட்டு 15.6 மில்லிசெகண்டுக்கு ஒன்று, 5 மில்லிசெகண்ட் தூங்கச் சொன்னாலும் 15 வரைகூடத் தூங்கிவிட்டு எழும். அதன் மேல் யூஎஸ்பி தாமதம் வேறு. எல்இடியையும் கேமராவையும் இப்படிச் சேர்த்துக் கட்ட முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும் கேமராவுக்கு அது ரீட்அவுட்டில் இருக்கும்போது பல்ஸ் வந்தால் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உங்கள் சோதனையில் இதன் விளைவு மோசமானது. ஒற்றைப்படைப் பிரேம் நீலம், இரட்டைப்படைப் பிரேம் பச்சை என்று வந்த வரிசையை வைத்துப் பிரித்தால், நடுவில் ஒன்று தவறிய இடத்திலிருந்து எல்லாமே தலைகீழாகிவிடும், படத்தைப் பார்த்தும் உடனே கண்டுபிடிக்க முடியாது. கேமரா தன் பிரேமோடு அனுப்பும் வரிசை எண்ணையும் நேரமுத்திரையையும் படத்தோடு சேமியுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் பஃபர் நிரம்பித் தவறிய பிரேம் என்றால் வரிசை எண்ணில் துளை தெரியும். பல்ஸே தவறியிருந்தால் எண் தொடர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் நேரமுத்திரையில் இரட்டிப்பு இடைவெளி காட்டும். ஆர்டுயினோவையும் தான் அனுப்பிய பல்ஸ்களை எண்ணச் சொல்லி, முடிவில் இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று மென்பொருளே பார்க்கட்டும், ஒத்துப்போகாவிட்டால் சத்தமாகச் சொல்லட்டும். கேமராவே நேரம் பிடிக்கும் ஏற்பாட்டில் இன்னொரு சிறு விஷயம், பதிவைத் தொடங்குமுன் ஆர்டுயினோவின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். நேரலைக் காட்சியின்போதும் கேமரா அந்த ஒயரில் சிக்னல் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கும், முதல் பிரேம் எந்த நிறம் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

நீந்துகிற உயிரி என்பதால் ஒரு கணக்கையும் சொல்கிறேன். பாரமீசியம் நொடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீந்தும். 40 மில்லிசெகண்ட் தள்ளி எடுத்த இரண்டு படங்களுக்குள் அது 40 மைக்ரோமீட்டர் போயிருக்கும், டிரிகர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நீலத்தையும் பச்சையையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று வைக்க முடியாது. எல்இடியை 2 மில்லிசெகண்ட் மட்டும் பலமாக எரியவிட்டால் ஒவ்வொரு படத்திலும் இழுபடுவது 2 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும். ரோலிங் ஷட்டரில் இரண்டு மின்னல்களுக்கும் நடுவே குறைந்தது ஒரு ரீட்அவுட் நேரம் விட்டாக வேண்டும், அதை முழுப் பிரேமில் 10 மில்லிசெகண்டுக்குக் கீழே கொண்டுவர முடியாது. 512 வரிசையை மட்டும் படித்தால் அது 2.5 ஆகும். வேகம் வேண்டுமானால் மோடை மாற்றுவதைவிடப் படத்தின் உயரத்தைக் குறைப்பதுதான் பெரிய லாபம்.

மைக்ரோ-மேனேஜரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரான் வேல் ஆய்வகத்தில் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. அதிலும் கேமராவுக்கு ஒரு படம், தொடர் படம் என்ற இரண்டு பாதைகளே பல காலமாக அடிப்படை. டிரிகர் என்பது ஒவ்வொரு கேமரா அடாப்டரும் (அந்தக் கேமராவை மைக்ரோ-மேனேஜரோடு இணைக்கும் நிரல்) தன் பெயரில் வைக்கும் ஒரு ப்ராப்பர்ட்டி, நீங்கள் வைத்த டிராப்டவுனுக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமான வேலைக்கு அவர்கள் போன வழி, கேமராவைத் தொடர் ஓட்டத்தில் விட்டு, அதன் அவுட்புட் பல்ஸ் ஆர்டுயினோவையும் ஸ்டேஜையும் அடுத்தடுத்த நிலைக்குத் தள்ளுவது, அந்த நிலைகளின் பட்டியலை முன்கூட்டியே அந்தக் கருவிகளில் ஏற்றிவைப்பது. நான் மேலே உங்களுக்குச் சொன்னதும் அதுதான். உங்கள் கேமராவுக்கு அதில் அடாப்டர் இருந்தால், பைத்தானிலிருந்து பைஎம்எம்கோர் (pymmcore) என்ற நூலகம் வழியாக அதையே பயன்படுத்தலாம், டிரைவரோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒயர் பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யூனோவின் பின் 5 வோல்ட் தரும், உங்கள் கேமரா 3.3 வோல்ட் மட்டும் தாங்குவதாக இருந்தால் நேராகக் கொடுக்காதீர்கள். சீரியல் போர்ட்டைத் திறந்தாலே யூனோ ரீசெட் ஆகும், பூட்லோடர் என்ற தொடக்க நிரல் ஓடும்போது 13-ஆம் பின் மினுக்கும். ஆகவே 13-ஐ டிரிகருக்கு வைத்தால் மென்பொருளைத் திறக்கும்போதே கேமராவுக்குப் பொய்ப் பல்ஸ் போகும். மற்றப் பின்களும் அந்த நேரத்தில் மிதக்கும், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தரைக்குப் போட்டுவிடுங்கள். கேமராவின் டிரிகர் உள்ளீட்டில் 50 ஓம் டெர்மினேஷன் (தரைக்குப் போகும் ரெசிஸ்டர்) இருந்தால் அணைத்துவிடுங்கள். 5 வோல்ட்டுக்கு அது 100 மில்லிஆம்பியர் இழுக்கும், யூனோவின் பின்னுக்கு உச்ச வரம்பே 40தான். ஜங்ஷன் பக்கக் கடைகளில் பிஎன்சி கேபிள் கேட்டால் சிசிடிவிக்கான 75 ஓம் கேபிளைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஓரிரு மீட்டர் டிரிகர் ஒயருக்கு அதுவே போதும், ஆன்லைனில் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இவ்வளவில் எது உறுதி, எது உங்கள் கேமராவைப் பொறுத்தது என்று பிரித்துவிடுகிறேன், ஏனென்றால் மாடல் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. ரோலிங் ஷட்டர் கணக்கு, ஆர்ம் ஆகுமுன் வரும் பல்ஸ் வீணாவது, திரெட்டில் உறைவது, ஆர்டுயினோ பற்றிச் சொன்னது, இவற்றில் சந்தேகம் வேண்டாம். இன்டர்னலில் எக்ஸ்போஷரும் ரீட்அவுட்டும் ஒன்றின்மேல் ஒன்று நடக்குமா, எட்ஜ் மோடிலும் அப்படி நடக்குமா, 'எல்லா வரிசையும்' அவுட்புட் இருக்கிறதா, தவறிய பல்ஸைத் தனியாகத் தெரிவிக்குமா என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். கைமாறி வந்த கேமரா என்பதால் ஃபர்ம்வேர் பழையதாக இருக்கவும் வாய்ப்புண்டு, கையேட்டில் இருக்கிற மோடு டிரைவரில் தெரியாமல் போகலாம். மாடலையும் ஃபர்ம்வேர் எண்ணையும், முடிந்தால் டிரைவர் காட்டுகிற டிரிகர் ப்ராப்பர்ட்டிகளின் முழுப் பட்டியலையும் கீழே போடுங்கள் தம்பி. முதலில் எக்ஸ்போஷர் அவுட்புட்டை ஒரு ஆஸிலோஸ்கோப்பில் பார்த்து, மேலே நிற்கும் நேரம் எவ்வளவு என்று அளந்து அதையும் எழுதுங்கள். அது எக்ஸ்போஷரைவிட ஏறக்குறைய ஒரு ரீட்அவுட் அளவு குறைவாக இருந்தால் நமக்கு வேண்டிய அவுட்புட் அதுதான், எல்இடி நிரலை அன்றைக்கே எழுதிவிடலாம்.